ஐந்து பயிர் வைத்தேன், ஐந்தும் போய்விட்டன

வாசகர் கேள்வி

ஐயா, நாங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுக்கும் மேற்கே இருக்கிறோம். இரண்டு ஏக்கர் காணி. ஒரு ஏக்கர் பள்ளக்காணி, வானம் பார்த்த வயல். மற்ற ஏக்கர் மேட்டுநிலம், அதில் கிணறு உண்டு. கலப்புப் பயிர் செய்தால் நட்டம் வராது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதை நம்பிப் போன மாரியில் வயலில் நெல்லும், மேட்டில் மிளகாய், கத்தரி, தக்காளி, சோளனும் வைத்தோம். நவம்பர் கடைசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. மிளகாயும் கத்தரியும் தக்காளியும் பச்சையாகவே வாடிச் செத்தன. வயலில் வெள்ளம் நின்று பாதி வேளாண்மை அழுகியது. மிஞ்சிய சோளனை ஜனவரியில் இரண்டே இரவில் யானை தின்று முடித்துவிட்டது. என் நகை அடகில் இருக்கிறது. பசளைக் கடையில் கடன். நுண்கடனுக்கு வாரம் 2,500 ரூபாய் கட்டுகிறோம். கணவரின் அண்ணன், "ஐந்து வைத்து என்ன கண்டாய், மேடு முழுக்கக் கச்சான் (நிலக்கடலை) போடு" என்கிறார். இன்னொருவர் வந்து மேடு முழுவதும் பப்பாசி வைக்கச் சொல்கிறார். கன்றும் பசளையும் கடனுக்குத் தருவாராம், பழத்தையும் அவரே வாங்குவாராம். வருகிற மாரிக்கு என்ன செய்வது? கலப்புப் பயிர் என்பதே ஏமாற்றா?

ஒரு சகோதரி, மட்டக்களப்பு

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கலப்புப் பயிர் ஏமாற்று அல்ல. ஆனால் உங்களுக்கு அதில் பாதியைத்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் நானும் அந்தப் பாதியையே பல வகுப்புகளில் சொன்னேன். மற்றப் பாதியை உங்களைப் போன்றவர்களின் காணிகளில், நட்டம் வந்த பிறகு நின்று பார்த்துத்தான் படித்தேன். அதனால் இந்தப் பதில் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வைத்தது ஐந்து பயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இரண்டு அல்லது இரண்டரைப் பயிராகத்தான் தெரிகிறது. மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றைப் பிடிக்கும் வாடல் நோய் மற்ற இரண்டையும் பிடிக்கும். ஒன்றில் மொய்க்கும் வெண் ஈ அடுத்த பாத்திக்கும் போகும். நீங்கள் மூன்றையும் ஒரே வாரத்தில், ஒரே மட்டத்தில், அடுத்தடுத்து நட்டிருக்கிறீர்கள். ஆகவே மழைக்கும் நோய்க்கும் முன்னால் அவை மூன்றும் ஒரே பயிர். நெல்லும் அதே நான்கு நாள் மழையில்தான் அடிபட்டது. சோளன் மட்டும் தப்பி நின்றது, அதை யானை கண்டது. இதற்கு மேல், ஐந்துக்கும் காசு ஒரே கடனிலிருந்து வந்தது, ஐந்திலிருந்தும் வரவேண்டிய வருமானம் ஜனவரி, பெப்ரவரியையே பார்த்துக்கொண்டிருந்தது.

பயிரின் பெயர்களை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே அடியில் எத்தனை விழும் என்று எண்ணத் தொடங்குங்கள். நான் சொல்ல வருவது முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

இதை எனக்கு முதலில் காட்டியது 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வளவு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், மணல் மண். விடிந்து பார்த்தால் நின்ற தென்னைகளை விரலால் எண்ணலாம். வாழை, முருங்கை, பந்தலில் கிடந்த பாகல், புடோல் எல்லாம் தரையோடு தரை. அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். மரவள்ளித் தடிகள் முறிந்து கிடந்தன, கீழே கிழங்கு அப்படியே இருந்தது. வற்றாளை (சர்க்கரைவள்ளி) கொடிக்கு ஒன்றுமே நடக்கவில்லை. நிவாரணம் ஒழுங்காக வந்து சேரும் வரைக்கும் எங்கள் வீட்டில் எட்டுப் பேரும் அந்தக் கிழங்கைத்தான் தின்றோம். காற்று மண்ணுக்கு மேலே இருப்பதை அடித்தது, கீழே இருந்ததை விட்டது. ஆனால் பெரியப்பாவும் மரவள்ளிதான் வைத்திருந்தார், களிப்பான பள்ளத்தில். அவருடையது முழுவதும் நீரில் அழுகிவிட்டது. ஒரே கிழங்குதான், வைத்த மண் வேறு.

இனி உங்கள் மேட்டுநிலத்துக்கு வருகிறேன். செடிகள் பச்சையாகவே வாடின என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு காரணங்கள் முன்னுக்கு நிற்கின்றன. ஒன்று, வேர் தண்ணீருக்குள் மூச்சு முட்டியது. நான்கு நாள் மழை முடிந்து வெயில் எறிக்கும்போது, மூச்சுவிட முடியாத வேர் நீரை உறிஞ்சாது, தண்ணீருக்குள் நின்றபடியே செடி வாடும். மற்றது, மண்ணிலிருந்து வரும் பற்றீரியா வாடல். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் செய்யவேண்டியது வேறு. மூச்சு முட்டியதுதான் என்றால் பாத்தியை உயர்த்தினால் போதும். பற்றீரியா என்றால் பாத்தியை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த மண்ணில் திரும்பவும் செத்துப்போகும்.

எது என்று கண்டுபிடிக்க உங்கள் வீட்டுக் கண்ணாடிக் கிளாஸ் ஒன்று போதும். வாடிய செடியின் தண்டை நிலத்துக்குச் சற்று மேலே சுத்தமான கத்தியால் இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். கிளாசில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, வெட்டிய முனை தண்ணீருக்குள் சிறிதளவு அமிழ்ந்திருக்கும்படி தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை ஆடக்கூடாது. சில நிமிடங்களில் வெட்டு வாயிலிருந்து பால் போன்ற ஒரு மெல்லிய நூல் கீழே இறங்கினால் அது பற்றீரியா. தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் அது இல்லை. போன மாரிச் செடிகள் இப்போது இருக்காது. பரவாயில்லை, இந்தக் கிழமையே பத்துத் தக்காளிக் கன்றுகளை அந்தப் பழைய பாத்திகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுங்கள். மாரி தொடங்குவதற்குள் ஏதாவது வாடினால் கிளாசில் பாருங்கள். பத்துக் கன்றின் விலைக்கு இதைவிடப் பெரிய தகவல் கிடைக்காது.

பால் இறங்கினால், அந்தப் பகுதியில் இரண்டு மூன்று வருடத்துக்கு இந்தக் குடும்பத்துப் பயிர் எதுவும் வேண்டாம். சோளன், குரக்கன் போன்ற புல்லினப் பயிர்களை மாற்றி வையுங்கள். அங்கே கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கிருந்து வடியும் நீரையும் மற்றப் பாத்திக்குத் திருப்பாதீர்கள். அந்த நோய் நீரோடும் மண்ணோடும்தான் பயணம் செய்கிறது.

அடுத்தது நிலத்தின் ஏற்ற இறக்கம். "மேடு" என்று நாம் சொல்லும் காணி முழுவதும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. இப்போது மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட கச்சான் காற்றில் நிலம் காய்ந்து கிடக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கோரை எங்கே அடர்த்தியாக வந்திருக்கிறது என்று பாருங்கள், தண்ணீர் நின்ற இடத்தை அதுவே சொல்லித்தரும். போன நவம்பரில் எந்தப் பாத்தி முதலில் வாடியது, எது கடைசியில் வாடியது என்று நீங்களும் கணவரும் இருந்து நினைவுபடுத்துங்கள். அதை வைத்து மேட்டுக் காணியை மூன்று மட்டமாகப் பிரியுங்கள்.

மேல் மட்டத்தில், பால் இறங்காத மண்ணில், மிளகாய் வையுங்கள். போன முறை வைத்ததில் பாதி போதும். ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி, இடையே வடிகான், வடிகானின் முடிவு எங்கே போய் விழுகிறது என்ற தெளிவு. பலர் வடிகானை வெட்டுவார்கள், அது காணிக்குள்ளேயே முடிந்துவிடும். அப்படியானால் அது குளம். நாற்று மேடையை ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள், இரண்டாவதை முதலாவதிலிருந்து இரண்டு கிழமை கழித்து. முதல் நடுகை மழையில் போனால் கையில் இன்னொரு நடுகைக்குக் கன்று இருக்கும். தேவைப்படாவிட்டால் ஊரில் விற்கலாம். அந்த நேரத்தில் கன்று தேடி அலைபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மாரியில் தக்காளி வேண்டாம், அதைப் பெப்ரவரியில் கிணற்று நீரை நம்பி வையுங்கள்.

நடு மட்டத்தில் வரம்பு கட்டி மரவள்ளியும் வற்றாளையும். இவற்றால் பணக்காரராக முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவற்றுக்குக் கடைப் பசளை அதிகம் வேண்டாம், அவசரமாகப் பிடுங்கவும் வேண்டாம். விலை இல்லாத கிழமையில் மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கலாம். எல்லாம் போனாலும் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு இருக்கும். மூன்றாவது மட்டம், கோரை நிற்கும் பள்ளம். அங்கே மாரியில் மரக்கறி வைப்பது நீரோடு சண்டை பிடிப்பது. ஒரு மூலையில் கங்குன் கீரை வையுங்கள், மற்றதை மாட்டுக்குப் புல்லாக விடுங்கள். ஜனவரியில் மழை தணிந்து நீர் வற்றும்போது அந்த ஈரத்தில் பயறோ கௌபியோ விதையுங்கள். பயறு இரண்டு மாதம் போல எடுக்கும், ஈரம் காய்வதற்குள் காயைக் காணலாம். போன வருடம் உங்களைக் கெடுத்த பள்ளம் அப்போது உங்களுக்கு உதவும்.

இவ்வளவும் பிரித்துப் பிரித்து வைக்கச் சொன்ன நான், வயலுக்கு மட்டும் மாறாகச் சொல்லப்போகிறேன். நெல்லை ஊரோடு ஒத்து விதையுங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வட்டைக்கு, அதாவது உங்கள் வயல்வெளி முழுவதுக்கும், என்ன திகதியும் எந்த வயது நெல்லும் தீர்மானிக்கிறார்களோ, அதையே பின்பற்றுங்கள். "நான் தனியே பிந்தி விதைத்தால் வெள்ளத்துக்குத் தப்பலாம்" என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டை முழுக்க வெட்டு முடிந்த பிறகு தனியே பச்சையாக நிற்கும் வயலுக்கு எலியும் குருவியும் அறக்கொட்டிப் பூச்சியும் ஒன்றாக வந்து சேரும். வெட்டு மெஷினும் திரும்பி வராது. வயலில் உங்கள் கையில் இருப்பது வேறு: விதையை அடர்த்தியாக எறியாதீர்கள், யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள், இரண்டும் அறக்கொட்டியை அழைத்து வருபவை. நீர் வடியும் வாய்க்காலை ஒக்டோபருக்கு முன் பக்கத்துக் காணிக்காரரோடு சேர்ந்து வெட்டுங்கள். உங்கள் வெள்ளம் உங்கள் வரம்பில் தொடங்குவதில்லை, கீழே அடைபட்டுக் கிடக்கும் வாய்க்காலில் தொடங்குகிறது.

யானையைப் பற்றி எழுத எனக்குக் கை தயங்குகிறது, ஏனென்றால் இது பயிரோடு முடிகிற விடயம் அல்ல. உங்கள் காணி யானை வரும் பக்கம் என்றால் சோளனை எல்லையில் வைக்காதீர்கள். வைக்கவே வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். சோளனுக்கு இப்போது இன்னொரு எதிரியும் இருக்கிறது, 2018இல் நாட்டுக்குள் வந்த சேனா படைப்புழு. மண்ணை மாற்றுவதற்குப் புல்லினப் பயிர் வேண்டுமென்றால் குரக்கனைத் தேர்ந்தெடுங்கள், அதையும் வீட்டை ஒட்டிய பாத்தியில் வையுங்கள். எல்லையில் யானை அதிகம் நாடாத தேசி (எலுமிச்சை) மரத்தை வேலியாக நெருக்கி நடலாம். அது வளர வருடங்கள் செல்லும், ஆனாலும் இன்று நட்டால்தான் வளரும். கிராம சேவகர் மூலம் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் யானையை விரட்டும் வெடிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டு விடயத்தில் மட்டும் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்கு இழுக்காதீர்கள். யாராவது "எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொன்னாலும் வேண்டாம். அந்தக் கம்பியில் யானைக்கு முன்பு மனிதன் செத்த இடங்களுக்கு நான் போயிருக்கிறேன். மற்றது, நெல் மூடைகளைப் பிள்ளைகள் படுக்கும் அறையில் அடுக்காதீர்கள். நெல்லின் மணத்துக்கு யானை வந்து சுவரை உடைக்கிறது. சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஊருக்குள் பாதுகாப்பான இடத்தில் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து வையுங்கள்.

பசளையைப் பற்றி ஒரு சொல். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். சில மாதங்களில் அந்தத் தடை விலகினாலும், அந்தப் போகம் போனது போனதுதான். அந்த வருடம் நான் கண்ட காணிகளில், எத்தனை வகைப் பயிர் வைத்திருந்தாலும் எல்லாம் ஒரே கடை மூடையை நம்பி நின்றால் எல்லாமே ஒன்றாக வெளிறின. மாடு கட்டியிருந்தவர்களும் கச்சான், கௌபி, பயறு போட்டிருந்தவர்களும் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். அவரையினப் பயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனில் பெரும்பங்கைக் காற்றிலிருந்து வேர் முடிச்சுகளின் உதவியால் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஒவ்வொரு போகத்திலும் கடைக்குப் போகாமலே வளரக்கூடிய ஒரு பயிராவது உங்கள் காணியில் நிற்கட்டும்.

இப்போது காசுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி வாரம் 2,500 ரூபாய் என்பதுதான். நெல்லும் மிளகாயும் வாரக் கடனுக்கு ஏற்ற பயிர்கள் அல்ல. நெல் போகத்துக்கு ஒரு தரம் காசு தரும். மிளகாய் முதல் காய் ஆய்வதற்கே இரண்டரை மூன்று மாதம் கேட்கும். கடன்காரர் ஏழு நாளைக்கு ஒரு தரம் வாசலில் நிற்பார். இந்த இடைவெளியை நிரப்பத்தான் உங்கள் நகை அடகுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். வாரம் கேட்கும் கடனுக்கு வாரம் கொடுக்கும் பயிர் வேண்டும். வெண்டி விதைத்து நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் முறிக்கலாம். பயிற்றையும் ஏறத்தாழ அப்படித்தான். கீரை ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு வளவில் திரிந்தால் முட்டையும் சேரும்.

கிணறு இருக்கிறது, இப்போது ஓகஸ்ட். மழைக்குக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே பத்து வரிசை வெண்டி போடுங்கள். மூன்று கிழமை கழித்து இன்னும் பத்து வரிசை. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் ஒரே கிழமையில் காய் குவிந்து சந்தையில் விலை பேச முடியாமல் நிற்பீர்கள். செப்டெம்பர் கடைசி முதல் கையில் காசு புழங்கத் தொடங்கும். அதில் ஒரு பகுதியைத் தொடாமல் எடுத்துவையுங்கள். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் அடைமழையில் எதையும் ஆய்ந்து விற்க முடியாத கிழமைகள் வரும். எட்டுக் கிழமைக்கு 20,000 ரூபாய். அந்தக் காசு முன்பே இருந்தால் மழை பெய்யும் இரவில் உங்களால் நித்திரை கொள்ள முடியும், கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்கவும் வேண்டியிருக்காது. முழுத் தொகையும் சேராது போகலாம், சேர்ந்த மட்டும் இலாபம். அந்த மழைக் கிழமைகளில் மரக்கறி விலை பொதுவாக ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். உயர்ந்த பாத்தியில் தப்பி நிற்கும் இருபது வெண்டிச் செடி அப்போது நல்ல விலைக்குப் போகும்.

கடன் எடுத்துச் செய்யும் பயிர் ஒரு போகத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இந்த மாரியில் அது மிளகாயாக இருக்கட்டும். மற்றவை கையில் உள்ள விதையிலும் எருவிலும் முடிய வேண்டும். புதிதாகப் பணம் தேவைப்பட்டால் வாரக் கடனுக்கு முன் உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் கூட்டுறவுச் சங்கத்தையும் கேளுங்கள். போகத்துக்கு ஒரு தரம் கட்டும்படி பேச முடிகிறதா என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும், வட்டியை இரண்டாவதாகக் கேளுங்கள். பசளைக் கடைக்காரருக்கு நெல் வெட்டியவுடன் கொடுப்பதாகச் சொல்லி, பாக்கி எவ்வளவு என்று இன்றே கொப்பியில் இருவரும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். எழுதாத கடன் வளரும்.

அண்ணன் சொன்ன கச்சான் கெட்ட யோசனை அல்ல. உங்கள் மேட்டில் கால் ஏக்கர் கச்சானுக்கு இடம் இருக்கிறது, பற்றீரியா இல்லாத பகுதியில், மழை தணிந்த பிறகு. முழு ஏக்கரும் என்றால் எனக்குச் சம்மதம் இல்லை. பிடுங்கும் நேரத்தில் மழை பிடித்தால் காய்க்குள்ளேயே பருப்பு முளைக்கும். ஈரத்தோடு மூடை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. காட்டுப்பன்றி ஒரு இரவில் உழுதுவிடும். இவை எதுவும் நடக்காத நல்ல வருடத்தில் ஊர் முழுக்கக் கச்சானாக இருக்கும், விலையை வியாபாரி சொல்வார்.

பப்பாசிக் காரியத்தில் அவசரப்படாதீர்கள். பப்பாசி நீரில் நிற்கப் பயப்படும் மரம். வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும், மஞ்சளித்து விழுந்துவிடும். நான்கு நாள் மழையில் மிளகாய் செத்த மண்ணில் ஒரு ஏக்கர் பப்பாசி வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பழம் காண எட்டு, ஒன்பது மாதம் செல்லும், அதுவரை வாரக் காசுக்கு வழி இல்லை. அதைவிட, கன்று தருபவரும் பசளை தருபவரும் கடன் தருபவரும் பழம் வாங்குபவரும் ஒரே ஆள் என்றால், அவர் வராத நாளில் உங்களுக்கு எல்லாமே ஒன்றாக நின்றுவிடும். அவரிடம் கேளுங்கள்: கிலோவுக்கு என்ன விலை என்று எழுதித் தருவாரா? வெள்ளத்தில் கன்று செத்தால் கன்றின் கடன் யாருடையது? சிறிய பழம், வடுப்பட்ட பழத்தை யார் தரம் பிரிப்பது? சந்தையில் விலை கூடினால் வெளியில் விற்க விடுவாரா? பதில்களைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி, கையெழுத்து வைப்பதற்கு முன் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பப்பாசியில் ஆசை இருந்தால் வீட்டை ஒட்டிய உயர்ந்த இடத்தில் இருபது கன்று வையுங்கள், உங்கள் சொந்தக் காசில்.

கடிதத்தில் காப்புறுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அரசாங்கத்தின் இலவசப் பயிர்க் காப்புறுதி குறித்த சில பயிர்களுக்குத்தான். நெல், சோளன், மிளகாய் மூன்றும் அதற்குள் வருபவை, வெள்ளமும் வறட்சியும் காட்டு யானையும் அதில் அடங்கும். ஆனால் கமநல சேவை நிலையத்தில் உங்கள் காணியும் பயிரும் அந்தப் போகத்துக்குப் பதிவாகி இருந்தால்தான் பேச முடியும். போகத்துக்குப் போகம் விதிகள் மாறுவதால் செப்டெம்பரிலேயே நேரில் போய்க் கேளுங்கள். காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்ற சிக்கல் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. குத்தகை என்றால் அந்தக் கடதாசியையும் கொண்டுபோங்கள். அழிவு நடந்தால் அன்றே கைபேசியில் படம் எடுத்து, நிலையத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். நீர் வடிந்து உழுத பிறகு போனால் அதிகாரிக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. நோய், பூச்சி பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலேயே பேசலாம்.

இவ்வளவையும் ஒரே மாரியில் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேர், இரண்டு ஏக்கர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கலாம். இந்தக் கிழமைக்கு மூன்று வேலை போதும்: பத்துத் தக்காளிக் கன்று, பத்து வரிசை வெண்டி, காணியின் படம். பிள்ளையின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கிணறு எங்கே, வீடு எங்கே, யானை எந்தப் பக்கத்தால் வந்தது, கோரை எங்கே நிற்கிறது, கடைசியாக வாடிய பாத்தி எது என்று பென்சிலால் குறித்து அனுப்புங்கள். அளவு சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை. எந்தக் கன்றாவது வாடிக் கிளாசில் பால் இறங்கினால் அந்த இடத்தில் ஒரு புள்ளடி போடுங்கள். நாற்று மேடை போடும் காலத்துக்கு முன் அந்தத் தாள் எனக்குக் கிடைத்தால், எந்த இடத்தில் எது என்று அதன் மேலேயே எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.